ஊரைப் படித்த மருத்துவர்

மேல்கோட்டையைத் தமிழ் மாணவர்க்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. சோழ நாட்டினின்றும் வந்த இராமாநுசர் தங்கி, திருநாராயணனுக்கு வழிபாடு அமைத்த ஊர் அது. திருநாராயணபுரம் என்று வைணவ நூல்கள் போற்றும். மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு. இன்று மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. வைரமுடி விழா வந்தால் நம்மவர் பேருந்து ஏறிப் போவதும், புளியோதரைப் பொட்டலத்தோடு திரும்பி வருவதும் ஆண்டுதோறும் நடப்பவை.

அந்த மலைக்கு 1800ஆம் ஆண்டில் வேறொரு வகை யாத்திரிகர் வந்தார். அவருக்கு வயது 38. ஸ்காத்லாந்து நாட்டவர், தொழிலால் மருத்துவர். அவர் வேண்டுதல் எதனையும் கொண்டு வரவில்லை. ஒரு குறிப்பேட்டைக் கொண்டு வந்தார். கோயிலைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், மலைமேல் நின்று காவிரி பாயும் பள்ளத்தாக்கைப் பார்த்தார். பாறை எத்தகையது, ஏரிக்கரை எவ்வளவு உயரம், உழவன் என்ன விதைக்கிறான், யாருக்கு என்ன கொடுக்கிறான் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் பெயர் பிரான்சிஸ் புக்கானன்.

தாவர நூலாரும் மீன் ஆராய்வோரும் வரலாற்றாசிரியரும் ஆளுக்கொரு பக்கமாக அவரை அறிவர். மூவரும் அறிந்தவர் ஒருவரே என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் அவர் முதலில் மீன்களின் வழியாகவே அறிமுகமானார். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இப்போது அவரை நினைக்கக் காரணம் உண்டு. சுற்றுச்சூழலைப் பற்றிக் கல்வியின் எல்லாப் படிகளிலும் கற்பிக்க வேண்டும் என்று 1991இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பயனாக இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லாப் பட்டப் படிப்புகளிலும் ஆறு மாதப் பாடம் ஒன்று வந்தது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குப் பின்னர், நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் அதனைத் துணைப்பாடமாகவே எடுத்துப் படிக்க வழி பிறந்தது. இரசாயன மாணவனும் படிக்கலாம். பொருளாதார மாணவியும் படிக்கலாம். நல்லதே. ஆனால் துணைப்பாடம் என்றால் துணைக்கு நிற்பது, தேர்வுக்கு முந்தின இரவில் புரட்டிப் பார்ப்பது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. தாவரவியலில் ஒரு கரண்டி, நிலவியலில் ஒரு கரண்டி, சட்டத்தில் ஒரு சிட்டிகை என்று கலந்து வைத்தால் அது சுற்றுச்சூழல் அறிவு ஆகிவிடுமா? இந்தக் கேள்வி தோன்றும்போதெல்லாம் புக்கானன் வாழ்க்கைதான் என் நினைவுக்கு வருகிறது.

அவர் 1762ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஸ்காத்லாந்தில் உள்ள காலண்டர் என்னும் ஊரில் பிறந்தார். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1783இல் பட்டம் பெற்றார். முறைக்காய்ச்சலைப் பற்றிய ஆராய்ச்சியே அவர் பட்டத்துக்கு எழுதியது. அந்நாளில் மருத்துவம் படிப்பவன் மூலிகையும் படித்தாக வேண்டும். மருந்துக் கடையில் ஏமாறாமல் இருக்க வேண்டுமே! ஆகவே ஜான் ஹோப் என்னும் பேராசிரியரிடம் தாவரவியல் கற்றார். சுவீடன் அறிஞர் லின்னேயசின் பெயரிடு முறையைப் பிரிட்டனில் முதன்முதலாகக் கற்பித்தவர்களுள் ஹோப் ஒருவர். அங்கே உடன் பயின்ற ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித், பின்னாளில் இலண்டனில் லின்னேயச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அந்த நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது.

மருத்துவம் துணையாகக் கற்பித்த தாவரவியல் அவருக்கு உயிராயிற்று. இன்றைய வழக்கில் சொன்னால், அவர் வாழ்வை நடத்திச் சென்றது துணைப்பாடந்தான்.

கப்பல் மருத்துவராகச் சில கடற்பயணங்கள் செய்தபின், 1794இல் கிழக்கிந்தியக் கும்பினியின் வங்காள மருத்துவப் பணியில் சேர்ந்தார். மறு ஆண்டே பர்மா அரசனிடம் சென்ற தூதுக் குழுவோடு போனார். நோயாளிகளைக் கவனிப்பது அவர் வேலை. செடிகளைத் திரட்டியதும், அந்நாட்டு மக்களின் சமயத்தையும் மொழிகளையும் பற்றிக் கட்டுரைகள் எழுதியதும் அவராகச் செய்துகொண்டவை. 1798இல் சிட்டகாங் மலைப்பக்கம் அனுப்பினார்கள். வாசனைப் பயிர் விளையும் இடம் உண்டா என்று பார்த்து வரச் சொன்னது கும்பினி. அவர் இடத்தையும் பார்த்தார். அங்கே வாழும் மலைமக்களையும் பார்த்தார்.

பிறகு வந்தது மைசூர்.

1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; திப்பு மாண்டார். சிறுவர் கிருஷ்ணராஜ உடையார் அரியணையில் அமர்த்தப்பட்டார். பூர்ணய்யா திவான் ஆனார். வெற்றி கொண்ட கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, கைக்கு வந்த நாடு எத்தகையது என்று அறிய விரும்பினார். ஒரே நாட்டில் ஒரே காலத்தில் மூவர் வேலை செய்தனர். வில்லியம் லாம்டன் பெங்களூரில் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கினார். காலின் மெக்கன்சி படம் வரைந்தார். சுவடிகளையும் கல்வெட்டுகளையும் திரட்டினார். புக்கானனுக்கு விதித்த பணியோ இவை இரண்டிலும் அடங்காதது. முதலில் பயிர்த்தொழில், அடுத்துக் கால்நடை, பருத்தி, மிளகு, சந்தனம், ஏலம், பின்னர்ச் சுரங்கங்கள், கைத்தொழில்கள், தட்பவெப்பம், மக்களின் உணவு, உடை, வீடு, வழக்கம். இத்தனையையும் ஒருவர் பார்க்க வேண்டும்! இன்று இதற்கு ஏழெட்டுத் துறைகளைக் கூட்டிக் குழு அமைப்போம். குழுவின் முதற்கூட்டம் நடப்பதற்கே ஓராண்டு ஆகும்.

1800ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் சென்னையிலிருந்து புறப்பட்டார். காஞ்சிபுரம், ஆர்க்காடு, வேலூர் வழியாகக் கணவாய் ஏறிப் பெங்களூர் சேர்ந்தார். சீரங்கப்பட்டணம், கோலார், சிரா ஆகிய பகுதிகளைச் சுற்றினார். மலையிறங்கிக் கொங்கு நாட்டுக்கு வந்து பவானி, ஈரோடு, கோயமுத்தூர், தாராபுரம் பார்த்தார். பாலக்காட்டு வழியே மலையாளம் புகுந்தார். கன்னடக் கடற்கரையில் வடக்கே போய், மீண்டும் மைசூர் மேட்டு நிலம் ஏறினார். 1801ஆம் ஆண்டு ஜூலையில்தான் சென்னை திரும்பினார். பதினான்கு மாதங்களுக்கு மேல்!

அவர் வேலை செய்த முறைதான் நாம் அறிய வேண்டியது. எங்கே தங்கினாலும் அவ்வூர் உழவரை வரவழைப்பார். கேழ்வரகுக்கு எத்தனை சால் உழவு, எப்போது எரு, எவ்வளவு விதை, ஊடே அவரையும் துவரையும் எந்த வரிசையில், விளைந்தால் எவ்வளவு, அதில் சர்க்காருக்கு எவ்வளவு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார். ஆண்டுக் கூலிக்கு இருக்கும் பண்ணையாள் என்ன தானியம் பெறுகிறான் என்பதையும் விடமாட்டார். இரும்பு உருக்குவோர் உலையைப் பார்த்து, எவ்வளவு மண்ணுக்கு எவ்வளவு கரி என்று எழுதுவார். வளையல் செய்யும் கண்ணாடி உலையையும் விட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு சாதியாரையும் தனித்தனியே அழைத்து அவர்கள் வழக்கங்களை அவர்களிடமே கேட்பார். கற்றோர் தெருவோடு நின்றுவிடாமல் சேரிக்காரரிடமும் செம்மாரிடமும் கேட்டார் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய செய்தியே. நடுவே வழியில் கண்ட செடி ஒவ்வொன்றுக்கும் பெயர்.

மேல்கோட்டையைச் சுற்றிய பகுதியில் இந்த முறையின் பயன் நன்கு தெரிகிறது. அந்த ஊரின் இயல்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் மொட்டைப் பாறை மலை. ஆறு இல்லை. பாறையில் பெய்யும் மழை உள்ளே ஊறாது, வழிந்து ஓடிவிடும். ஓடுகிற நீரைத் தடுத்து நிறுத்தினால் ஊர் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால்தான் அங்கே எங்கு திரும்பினாலும் குளம். ஊரார் 108 என்று கணக்குச் சொல்வர். கல்யாணி என்னும் திருக்குளம் அவற்றுள் அழகியது. கல் படிகளும் மண்டபங்களும் சூழ்ந்த அக்குளத்தைப் பக்தன் தீர்த்தம் என்பான். பொறியாளன் நீர்த்தேக்கம் என்பான். இருவர் சொல்வதும் உண்மை. தீர்த்தம் என்று போற்றியதால்தான் தூர் வாரினார்கள். அசுத்தம் செய்ய அஞ்சினார்கள்.

மலைக்குத் தெற்கே தொண்ணூர் ஏரி. இரண்டு பாறைக் குன்றுகளுக்கு இடையே உள்ள குறுகிய வாயை ஒரே கரையால் அடைத்து ஆக்கப்பட்டது. கட்டியவர் இராமாநுசர் என்பது அவ்வூர் மரபு. புக்கானன் அந்தக் கரையின் உயரம், நீளம், அடிப்பருமன் மூன்றையும் முழக் கணக்கில் கேட்டு எழுதினார். மரபுக் கதையையும் எழுதினார். திப்புவின் காலத்தில் அக்கரை வெட்டி உடைக்கப்பட்டதையும் எழுதினார். பாறை நிலவியலுக்குரியது; கரை பொறியியலுக்குரியது; கீழே நெல் வயல் பயிர்த்தொழிலுக்கு; இராமாநுசர் கதை சமய வரலாற்றுக்கு; உடைத்தது அரசியலுக்கு. அவர் நாட்குறிப்பில் இவை எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. ஏரி ஒன்றாக இருக்கும்போது குறிப்பும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

இதைத்தான் நம் பாடப் புத்தகங்கள் தவறவிடுகின்றன. ஐந்து அலகுகளாகப் பிரித்து, ஓர் அலகில் நீர், மற்றோர் அலகில் மக்கட்தொகை, கடைசி அலகில் சட்டம் என்று வைத்துவிட்டு, அவை சந்திக்கும் ஊர் ஒன்றைக்கூட மாணவனுக்குக் காட்டுவதில்லை. மேல்கோட்டை மலைப்பகுதியில் 1974ஆம் ஆண்டில் ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு, ஓநாய்க்காக வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஓநாயைப் படிக்கப் புகுந்தவன் ஆட்டுக்காரனைப் படிக்காமல் விட முடியுமா? ஆட்டுக்காரனைப் படித்தால் மேய்ச்சல் நிலம் யாருடையது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்டால் பழைய வரிக்கணக்கு வேண்டும். பழைய வரிக்கணக்கைத் தேடிப் போனால் புக்கானனிடம் வந்து நிற்போம்!

ஆனாலும் அவரைத் தெய்வமாக்கி வைக்க நான் வரவில்லை. அவர் யாருக்காக எழுதினார்? வென்றவர்க்காக. இந்த நிலம் எவ்வளவு கொடுக்கும் என்பதே கும்பினி அறிய விரும்பியது. சந்தனமும் மிளகும் அந்தப் பட்டியலில் முன்னே நின்றது வாசனைக்காக அன்று. உழவனும் இதை அறிவான். அதிகாரியின் பாதுகாப்போடு ஊருக்குள் வந்து விளைச்சல் எவ்வளவு என்று கேட்கும் வெள்ளைக்காரரிடம், முழுக் கணக்கையும் சொல்லிவிடும் அளவுக்கு நம் உழவன் வெகுளி அல்லன். தமக்குச் சொல்லப்படும் கணக்கை அப்படியே நம்ப முடியாது என்று புக்கானனும் உணர்ந்திருந்தார். ஆனால் அதற்கு அவர் காட்டிய காரணம் பெரும்பாலும் மக்களின் குணமே. தாம் யார் அனுப்பிய ஆள் என்பதை அவர் அவ்வளவாக எண்ணிப் பார்க்கவில்லை. கன்னடமோ தமிழோ பேசத் தெரியாததால் எல்லாமே துபாசி வாயிலாக வந்தவை. திப்புவைப் பற்றி எழுதும் இடங்களில் வெற்றி பெற்ற பக்கத்தின் குரல் உரத்துக் கேட்கிறது. பழைய பழக்கங்களைப் பழிக்கும்போது சொல் கடுமையாகிவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. அவர் நூல் 1807இல் இலண்டனில் மூன்று பெரிய பாகங்களாக வெளிவந்தது. நாள்தோறும் எழுதியது நாள்வாரியாகவே அச்சாயிற்று. எருவுக்கு அடுத்த வரியில் கோயில், கோயிலுக்கு அடுத்த வரியில் கல் வகை. தொடர்ந்து ஐம்பது பக்கம் படித்தால் கண் சொருகும். பல துறைச் செய்திகளை ஓரிடத்தில் குவிப்பது வேறு. அவற்றைக் காரண காரியமாக இணைப்பது வேறு. முதலாவதை அவர் யாரினும் நன்றாகச் செய்தார். இரண்டாவதைப் படிப்பவரிடமே விட்டுவிட்டார். கேட்ட கேள்விகள் நல்லவையாக இருந்ததால், இருநூறு ஆண்டு கழித்தும் படிப்பவர்க்கு அந்தக் குவியலில் வேலை இருக்கிறது.

மைசூருக்குப் பின் 1802இல் நேபாளம் சென்றார். ஓராண்டுக்கு மேல் அங்கே செடிகள் திரட்டினார். திரும்பியதும் வெல்லெஸ்லிக்கே மருத்துவராகிப் பரக்பூரில் விலங்குகளையும் பறவைகளையும் ஆராயும் நிலையம் ஒன்றை நடத்தினார். 1807 முதல் ஏழாண்டுகள் வங்காளம், பிகார்ப் பகுதிகளை மாவட்டம் மாவட்டமாக ஆய்ந்தார். தினாஜ்பூர், ரங்கபூர், பூர்ணியா, பாகல்பூர், பாட்னா, கயை, சாகாபாத், கோரக்பூர் எல்லாம் அவர் கால்பட்டவை. நாளந்தாவின் இடிபாடுகளை, அவை நாளந்தா என்று உலகம் அறிவதற்கு முன்பே பார்த்து விவரித்தவரும் அவரே.

போகும் இடமெல்லாம் மீன்களையும் கவனித்தார். கரையில் செம்படவர் கொண்டு வந்தவற்றை ஓவியர்களைக் கொண்டு வரைவித்தார். ஹாலுதார் என்னும் வங்க ஓவியர் பரக்பூரில் அவருக்காக வரைந்த விலங்குப் படங்கள் இன்றும் கண்ணைக் கவர்வன. பெயர் வைக்கும்போது புக்கானன் செய்த ஒரு செயல் எனக்கு மிகவும் பிடிக்கும். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் சொல் தேடி அலையாமல், அங்கே மக்கள் வழங்கிய பெயர்களையே பெரும்பாலும் இனப்பெயர் ஆக்கினார். கட்லா, ரோகிதா, மிரிகாலா, இலீசா என்ற விஞ்ஞானப் பெயர்கள் வங்கச் சந்தையில் கூவி விற்ற பெயர்களே. நம் ஊர்க் குளங்களில் இன்று வளர்க்கப்படும் கட்லாவும் ரோகுவும் அவர் கையால் பெயர் பெற்றவை. உலகெங்கும் உயிரியல் ஆய்வுக்கூடங்களில் கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும் வரிக்குதிரை மீன் இருக்கிறதே, அந்த விரல் நீள மீனுக்கு ரெரியோ என்ற பெயரை இட்டவரும் அவரே. நான் அவரை முதலில் சந்தித்தது அந்தப் பெயரின் பின்னால்தான்.

1814இல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவர் பதவி கிடைத்தது. இராக்ஸ்பரோவுக்குப் பின் வந்த பதவி. தாவரம் கற்றவன் கனவு காணும் பதவி. ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. மறு ஆண்டே தாயகம் திரும்ப முடிவு செய்தார். அப்போது நேர்ந்தது ஒரு கொடுமை. இத்தனை ஆண்டுகள் வரைவித்த படங்களை எடுத்துச் செல்லக் கூடாது, அவை கும்பினியின் சொத்து, கல்கத்தாவிலேயே இருக்க வேண்டும் என்று அப்போதைய கவர்னர் ஜெனரல் தடுத்துவிட்டார். அவர் மனம் பெரிதும் நொந்தார். நமக்கு இதில் சற்று முரணான எண்ணமும் தோன்றும். மைசூர் உழவனின் அறிவும் வங்கச் செம்படவனின் அறிவும் அவர் குறிப்பேட்டில் ஏறி இலண்டனுக்குப் போனபோது யாரும் அவர்களிடம் இசைவு கேட்கவில்லை. கும்பினி அதே முறையைத் தன் ஊழியரிடமும் காட்டியது.

ஸ்காத்லாந்தில் தாய்வழிச் சொத்தைப் பெற்று, தாய்க் குடும்பப் பெயரான ஹாமில்டன் என்பதைத் தம் பெயராக்கிக் கொண்டார். இதனால் நூலகப் பட்டியலில் ஒரே மனிதர் இரு பெயரில் கிடக்கிறார். மைசூர் நூல் புக்கானன் பெயரில், மீன் நூல் ஹாமில்டன் பெயரில். நேபாளத்தைப் பற்றிய நூல் 1819இலும், கங்கை மீன்களைப் பற்றிய நூல் 1822இலும் வந்தன. பின்னதில் 250க்கு மேற்பட்ட மீனினங்கள். படங்கள் கல்கத்தாவில் சிக்கிக் கிடக்க, கையில் இருந்தவற்றைக் கொண்டே நூலை முடித்தார். 1829ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் காலமானார். சாரப்பருப்பு மரத்தின் பேரினம் புக்கானேனியா என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாயசத்தில் அதைப் போடுகிறவர்கள் அறியமாட்டார்கள்; அறியாவிட்டாலும் பாயசம் இனிக்கும்.

ஏழாண்டு உழைத்த வங்காள ஆய்வின் கையெழுத்துப் படிகள் அவர் உயிரோடிருந்தபோது நூலாக வரவில்லை. 1838இல் மாண்ட்கோமரி மார்ட்டின் என்பவர் அவற்றை வெட்டிச் சுருக்கி, கிழக்கிந்தியாவைப் பற்றிய மூன்று பாக நூலாக வெளியிட்டார். முகப்புப் பக்கத்தில் மார்ட்டினின் பெயர் இருந்தது. புக்கானன் பெயர் இல்லை. 1920களில்தான் பாட்னாவில் இருந்த பிகார் ஒரிசா ஆராய்ச்சிக் கழகத்தார் மூலப் படிகளைத் தேடி எடுத்து, மாவட்டம் மாவட்டமாக அவர் பெயரிலேயே அச்சிடத் தொடங்கினர். பாட்னா, கயை நாட்குறிப்பு 1925இல் வெளிவந்தது.